முகத்துக்கு மாய்ஸ்சரைசர்: நம்மூர்க் காற்றுக்கும் உங்கள் தோலுக்கும் எது பொருந்தும்?

குமரி மாவட்டத்தில் முகத்துக்கு என்ன தேய்ப்பது என்று கேட்டால் பாதி வீடுகளில் ஒரே பதில்தான் வரும்: வெளிச்செண்ணெய், அதாவது தேங்காய் எண்ணெய். குளித்து முடித்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்த கையை அப்படியே முகத்திலும் ஒரு இழுப்பு இழுத்துவிடுவது. சிலருடைய தோலுக்கு அது ஒத்துப்போகும். ஆனால் நெற்றியோரத்திலும் கன்னத்திலும் விடாமல் பரு வரும் பிள்ளைகளுக்கு அந்த ஒரு இழுப்பே வினையாகிவிடுவதுண்டு.

எண்ணெய் தோலுக்கு ஈரம் தருவதில்லை. அதில் தண்ணீரே கிடையாது. தோலில் ஏற்கெனவே இருக்கும் ஈரம் ஆவியாகிப் போகாமல் மேலே மூடி போடுவதுதான் அதன் வேலை. காய்ந்த முகத்தில் தேய்த்தால் வறட்சிக்கு மேலேதான் அந்த மூடி விழும். முகம் மினுங்கும், உள்ளே இழுப்பு அப்படியே இருக்கும். இந்த ஒன்று பிடிபட்டால் மாய்ஸ்சரைசர் வாங்குவதும் பூசுவதும் சுலபம்.

மாய்ஸ்சரைசர் டியூபுக்குள் மூன்று வகைப் பொருள்கள் கலந்திருக்கும். முதல் வகை நீரை இழுத்துப் பிடிப்பது: கிளிசரின், ஹயலூரோனிக் ஆசிட், பாந்தெனால், யூரியா. இரண்டாவது, தோலின் மேல்செதில்களுக்கு இடையே உள்ள சந்துகளை நிரப்பி வழவழப்பாக்குவது: செராமைடு, ஸ்க்வாலேன், செட்டைல் ஆல்கஹால். மூன்றாவது மூடி போடுவது: பெட்ரோலியம் ஜெல்லி, டைமெதிகோன், ஷியா பட்டர், தேன்மெழுகு. ஜெல், லோஷன், க்ரீம் என்று பெயர் மாறுவதெல்லாம் இந்த மூன்றின் அளவு மாறுவதால்தான். ஜெல்லில் தண்ணீரும் முதல் வகையும் அதிகம். க்ரீமில் இரண்டாவதும் மூன்றாவதும் அதிகம். லோஷன் நடுவில் நிற்கும்.

ஊருக்குள்ளேயே காற்று வேறு வேறு

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டம் இது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடற்கரை ஊர்களிலும், குலசேகரம், பேச்சிப்பாறை போன்ற மலையடிவார ஊர்களிலும் காற்றில் ஈரம் நிறைய. இந்தக் காற்றில் கிளிசரின் நன்றாக வேலை செய்யும், வெளியே இருக்கும் ஈரத்தையே இழுத்துத் தோலில் நிறுத்தும். அதனால் இங்கே பெரும்பாலோருக்குப் பகலில் மெல்லிய ஜெல்லோ லோஷனோ போதும். குளிர்நாட்டு விளம்பரங்களில் காட்டும் கெட்டி க்ரீமைப் பூசிக்கொண்டு பஸ் ஏறினால், நாகர்கோவில் வடசேரி வந்து சேர்வதற்குள் வியர்வையோடு கண்ணுக்குள் வழியும்.

தோவாளை, ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் கணக்கு மாறும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய் வழியாக அடிக்கும் காற்று, காற்றாலைகளைச் சுழற்றும் அதே வேகத்தில் முகத்து ஈரத்தையும் உலர்த்திக்கொண்டு போகும். பைக்கில் போகிறவர்களுக்கு இன்னும் அதிகம். அந்த மாதங்களில் ஜெல் மட்டும் போதாது. டைமெதிகோனோ செராமைடோ உள்ள லோஷன் வேண்டும். நாள் முழுக்க ஏசியில் இருக்கும் ஜவுளிக்கடை, வங்கி ஊழியர்களுக்கும் இதேதான். ஏசி காற்று வறண்டது. அங்கே வெறும் கிளிசரின் மட்டும் பூசினால், வெளியே ஈரம் கிடைக்காமல் தோலின் உள்ளிருந்தே நீரை மேலே இழுக்கும், அதுவும் ஆவியாகிவிடும். காலையில் பூசியும் மத்தியானம் முகம் இழுக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் இது.

உங்கள் தோல் எந்த வகை?

சோதனைக்கு முந்தின நாளிலிருந்தே தலைக்கு எண்ணெய் தேய்க்க வேண்டாம். தலையெண்ணெய் நெற்றிக்கு இறங்கினால் வறண்ட தோல்கூட எண்ணெய்த் தோல் மாதிரி ஏமாற்றும். மிதமான ஃபேஸ்வாஷால் முகம் கழுவி, ஒற்றித் துடைத்து, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். நேராக ஃபேன் காற்றிலும் உட்கார வேண்டாம், அடுப்படியிலும் நிற்க வேண்டாம்.

பிறகு மெல்லிய டிஷ்யூ தாளை நெற்றி, மூக்கு, தாடை, இரண்டு கன்னம் என்று தனித்தனியாக ஒற்றிப் பாருங்கள். நம்மூரில் வியர்வையும் சேர்ந்து ஒட்டும் என்பதால் உடனே முடிவு செய்யக் கூடாது. தாளைப் பத்து நிமிஷம் காயவிட்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். வியர்வைக் கறை காய்ந்து மறைந்துவிடும், எண்ணெய்க் கறை கண்ணாடி மாதிரி தெரிந்துகொண்டே இருக்கும்.

எல்லா இடத்திலும் கறை நின்றால் எண்ணெய்த் தோல். நெற்றி, மூக்கு, தாடையில் மட்டும் நின்றால் கலப்புத் தோல். நம்மிடையே இது சாதாரணமாகக் காண்பது. எங்கும் கறை இல்லாமல், சிரித்தால் கன்னம் இழுத்து, மூக்கோரம் வெள்ளைச் செதில் தெரிந்தால் வறண்ட தோல். கறையும் இல்லை, இழுப்பும் இல்லை என்றால் சாதாரணத் தோல். மணம் அதிகமில்லாத எந்த லோஷனும் சரிப்படும். எதைப் பூசினாலும் எரிச்சல், சிவப்பு, அரிப்பு வருகிறவர்களுக்கு உணர்திறன் மிக்க தோல். அது மற்ற வகைகளோடு சேர்ந்தும் இருக்கலாம்.

இன்னொரு நிலையும் உண்டு. முகம் மினுங்கும், ஆனால் கழுவியதும் வலித்து இழுக்கும். எண்ணெய்த் தோல்தான், ஆனால் நீர் வற்றியிருக்கிறது. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை சோப்புப் போட்டுக் கழுவும் இளைஞர்களிடம் இதை நிறையப் பார்க்கலாம். சோப்பின் பி.ஹெச் (அமில, காரத் தன்மையின் அளவு) 9, 10 என்று இருக்கும். தோலுக்கு வேண்டியது 5-ஐ ஒட்டி. கடலோர உப்புக் கிணற்றுத் தண்ணீரோடும் போர்வெல் தண்ணீரோடும் சோப்பு சேர்ந்தால் நுரை வராமல் திரிந்துபோய் முகத்தில் வெள்ளைப் படலமாக ஒட்டும்; அதுவும் அரிக்கும். இவர்கள் முதலில் மாற்ற வேண்டியது சோப்பை. சோப்பு சேராத ஃபேஸ்வாஷ் காலை ஒரு தடவை, இரவு ஒரு தடவை. இடையில் வெறும் தண்ணீர் போதும்.

எதை வாங்குவது

எண்ணெய்த் தோலுக்கும் பரு வரும் தோலுக்கும் ஜெல். பட்டியலில் தண்ணீருக்கு அடுத்து கிளிசரின் இருக்கட்டும். நியாசினமைடு 2 முதல் 5 சதவீதம் இருந்தால் எண்ணெய் வடிவதும் கொஞ்சம் மட்டுப்படும். தேங்காய் எண்ணெய், கோகோ பட்டர், ஐசோபுரோப்பைல் மிரிஸ்டேட் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். துளைகளை அடைக்கும் பொருள்கள் அவை. லேபிளில் தேங்காய் எண்ணெய் 'கோகோஸ் நியூசிஃபெரா' என்ற பெயரில் ஒளிந்திருக்கும். மழைக்காலத்தில் எண்ணெய் வழியும் முகத்துக்குக் காலையில் தனி மாய்ஸ்சரைசர் அவசியமில்லை. லோஷன் வகை சன்ஸ்கிரீனே அந்த வேலையையும் செய்துவிடும். இரவில் மட்டும் ஜெல் போடுங்கள்.

வறண்ட தோலுக்கும், வயதாகி எண்ணெய்ச் சுரப்பு குறைந்தவர்களுக்கும் க்ரீம். செராமைடு, ஷியா பட்டர், ஸ்க்வாலேன் இவற்றில் குறைந்தது இரண்டு இருக்கட்டும். யூரியா 5 சதவீதம் முகத்துக்குப் போதும். காலுக்கென்று விற்கும் 10, 20 சதவீதத்தை முகத்தில் பூசினால் எரியும். செதில் உரியும் இடத்தில் இரவில் க்ரீமுக்கு மேலே அரிசியளவு பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவிவிடுங்கள். தோலிலிருந்து நீர் ஆவியாவதை அதைவிட நன்றாகத் தடுக்கும் பொருள் கிடைப்பது அரிது, விலையும் மிகக் குறைவு.

கலப்புத் தோலுக்கு இரண்டு டியூப் வாங்க வேண்டியதில்லை. ஒரே லோஷனைக் கன்னத்துக்கு இரண்டு தடவையும் நெற்றி, மூக்கு, தாடைக்கு மிக மெல்லிசாக ஒரு தடவையும் பூசினால் முடிந்தது.

உணர்திறன் தோலுக்கு மணமே சேர்க்காதது வேண்டும். 'அன்சென்டட்' என்று போட்டிருந்தால் மணம் தெரியாது என்று மட்டும்தான் அர்த்தம்; மணத்தை மறைக்க வேறொரு மணப்பொருள் சேர்த்திருக்கலாம். 'ஃப்ரேக்ரன்ஸ் ஃப்ரீ' என்று இருப்பதை எடுங்கள். 'ஹெர்பல்' என்ற சொல்லை நம்பி ஏமாற வேண்டாம். எலுமிச்சை எண்ணெய், லவங்க எண்ணெய், புதினா எண்ணெய் எல்லாம் செடியிலிருந்து வந்தவைதான், முகத்தை நன்றாக எரிக்கவும் செய்யும்.

வெளிச்செண்ணெயை முழுக்கத் தள்ளச் சொல்லவில்லை. கை, கால், முழங்கை வறட்சிக்கு அது அருமையானது. தேங்காய்ப்பாலைக் காய்ச்சியெடுத்துக் குழந்தைகளுக்குத் தேய்க்கும் உருக்கெண்ணெய்க்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. பருவே வராத, வறண்ட முகமாக இருந்தால், கழுவிய ஈரத்தோடு மூன்று நான்கு துளியை உள்ளங்கையில் தேய்த்து ஒற்றலாம். பரு வருகிற முகத்துக்கு மட்டும் வேண்டாம். தலைக்குத் தேய்க்கிறவர்களும் நெற்றிமுடிக்கு அரை இஞ்ச் உள்ளேயே நிறுத்திக்கொள்ளுங்கள், தலையணை உறையை வாரம் இரண்டு தடவை மாற்றுங்கள். நெற்றியில் ஒரே அளவில் சின்னச் சின்னதாக, அரிப்போடு வரும் கொப்புளங்கள் சாதாரணப் பரு இல்லாமல் பூஞ்சையாகவும் இருக்கலாம். எண்ணெய் அதற்குத் தீனி.

லேபிளை வாசிப்பது

முன்பக்கத்தை விட்டுவிடுங்கள், பின்பக்கத்தைத் திருப்புங்கள். பொருள்கள் அளவு கூடியதிலிருந்து குறைந்ததற்கு வரிசையாக இருக்கும். 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவை மட்டும் கடைசியில் எப்படியும் வரலாம். ஆகவே முதல் ஐந்தாறு பெயர்தான் அந்த டியூபின் குணம். பெட்டியில் பெரிதாகக் கற்றாழைப் படம் போட்டிருக்கும். பட்டியலில் கற்றாழை கடைசி வரியில் மணப்பொருளுக்கும் பின்னால் கிடக்கும்.

'ஆல்கஹால்' என்றதும் பயப்பட வேண்டாம். செட்டைல், ஸ்டீரைல், செட்டீரைல் ஆல்கஹால்கள் கொழுப்பு வகை, தோலை மிருதுவாக்குபவை. 'ஆல்கஹால் டீனாட்' முதல் நாலைந்து பெயருக்குள் இருந்தால்தான் உலர்த்தும். 'நான்-காமெடோஜெனிக்' (துளைகளை அடைக்காதது) என்பது பரு வராது என்ற உத்தரவாதமில்லை, ஒரு வழிகாட்டிக் குறிப்பு மட்டும்தான். தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், தயாரித்தவர் முகவரி, காலாவதித் தேதி இந்த நான்கும் அச்சில் இல்லாத எதையும் முகத்தில் பூச வேண்டாம்.

குறிப்பாக, சீக்கிரம் வெளுப்பாக்கும் என்று பியூட்டி பார்லரிலோ தெரிந்தவர் மூலமோ கைமாறும் பெயரில்லாத டப்பாக்கள். அவற்றில் பாதரசம் இருக்கக்கூடும். கேரளத்தின் மலப்புரத்தில் வெளுப்பு க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது 2023-ல் வெளியே வந்தது. மருந்துக்கடை க்ரீம்களிலும் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர் இருந்தால் அவை ஸ்டீராய்டு. பூசிய வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, இரத்தக்குழாய் தெரிந்து, நிறுத்தினால் தீயாய் எரியும். 2018 முதல் இந்த வகை க்ரீம்களை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருக்கிறவர்கள் சட்டென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரைப் பார்த்துக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

பூசும் முறை

புதிய டியூபை நேராக முகத்தில் போடாதீர்கள். முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் காலை, இரவு ஏழு நாள் பூசுங்கள். சிவப்போ அரிப்போ இல்லையென்றால் தாடையோரத்தில் இரண்டு நாள். பிறகு முகம். ஒரே வாரத்தில் இரண்டு புதுப் பொருளைத் தொடங்க வேண்டாம். ஏதாவது வந்தால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது.

முதலில் கையைக் கழுவுங்கள். இது பெயருக்குச் சொல்வதில்லை. அண்டி ஆபீசில் (முந்திரித் தொழிற்சாலையில்) வேலை செய்கிறவர்களின் விரலில் கொல்லாங்கொட்டைத் தோட்டின், அதாவது முந்திரிக்கொட்டை ஓட்டின், எண்ணெய் இருந்தால், அது முகத்தில் பட்ட இடமெல்லாம் வெந்து கறுக்கும். ரப்பர்ப் பாலை உறையவைக்கும் ஆசிட் பட்ட கையும் அப்படித்தான். கடலுக்குப் போய் வந்தவர்கள், உப்புக் காய்ந்த முகத்தை நல்ல தண்ணீரால் கழுவிய பிறகே எதையும் பூச வேண்டும்; உப்பின் மேல் க்ரீம் பூசித் தேய்த்தால் தோல் உராயும்.

முகத்தை அரை நிமிஷம் ஃபேஸ்வாஷால் கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம், பச்சைத் தண்ணீர் போதும். மஞ்சளோ பயறு மாவோ போடுகிறவர்கள் திப்பி இல்லாமல் கழுவியெடுத்துவிடுங்கள். பரு இருக்கும்போது மாவைப் போட்டு உரசவே வேண்டாம். பிறகு துவர்த்தால் (துண்டால்) தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். முகம் சொட்டக் கூடாது, காயவும் கூடாது. தொட்டால் குளிர்ச்சியாக ஈரம் தெரிய வேண்டும். அந்த ஈரம் போகும் முன், மூன்று நிமிஷத்துக்குள் பூசிவிட வேண்டும். குளித்துவிட்டு உடைமாற்றி, காப்பி குடித்து, தலைசீவி, கடைசியில் பூசுகிறவர்கள் பாதிப் பலனை விட்டுவிடுகிறார்கள். டியூபைக் குளியலறைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அளவுக்கு ஒரு சுலபமான கணக்கு. ஆள்காட்டி விரலின் மேல் கணுவிலிருந்து நுனிவரை டியூபிலிருந்து ஒரு கோடு பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். எண்ணெய்த் தோலுக்கு முகம், கழுத்து இரண்டுக்கும் ஒரு கோடு. வறண்ட தோலுக்கு ஒன்றரை, இரண்டு. தினம் இரண்டு தடவை ஒரு கோடு என்றால் 50 கிராம் டியூப் 50 நாள் வரும். ஆறு மாதமாகத் தீரவில்லை என்றால் குறைவாகப் பூசுகிறீர்கள். பதினைந்து நாளில் தீர்ந்தால் அள்ளிப் பூசுகிறீர்கள்.

நெற்றி, இரண்டு கன்னம், மூக்கு, தாடை என்று ஐந்து பொட்டு வைத்து, கையைத் தட்டையாக வைத்துப் பரப்புங்கள். மேல்நோக்கித் தேய்த்தால் தோல் தொங்காது என்பதெல்லாம் கிடையாது. அழுத்தாமல் இருந்தால் போதும். கண்ணைச் சுற்றி எலும்பு தட்டுப்படும் இடத்தோடு நிறுத்துங்கள். இமையோரம்வரை கெட்டி க்ரீம் போனால் கண்ணெரிச்சல் வரும். காதுக்கு முன்புறம், தாடைக்குக் கீழே, கழுத்து இந்த மூன்றையும் பலர் மறந்துவிடுவார்கள்.

காலையில் ஐந்து நிமிஷம் பொறுத்து, குறைந்தது எஸ்.பி.எஃப் 30 உள்ள சன்ஸ்கிரீன். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழுநீளத்துக்கும் பிதுக்கிய அளவு வேண்டும். கடலில் போகிறவர்களுக்கு வெயில் மேலிருந்தும் தண்ணீரில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கும் என்பதால் தாடையின் அடிப்பக்கமும் சேர்த்துப் பூசுங்கள். இரவில் மாய்ஸ்சரைசர்தான் கடைசி. பருவுக்கு அடாபலீன் போன்ற மருந்து போடுகிறவர்கள், எரிச்சல் வந்தால் முதலில் மெல்லிசாக மாய்ஸ்சரைசர், அது உள்ளிழுத்ததும் பட்டாணியளவு மருந்து, மேலே இன்னொரு மெல்லிய பூச்சு என்று போட்டால் தாங்கும். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்களும் அடாபலீன், ரெட்டினால் எதையும் தொடக் கூடாது.

ஆண்கள் சவரம் செய்த உடனே ஆல்கஹால் வாடையடிக்கும் ஆஃப்டர் ஷேவை விட்டுவிட்டு மணமில்லாத லோஷனைப் பூசிப் பார்க்கலாம். கத்தி மேல்செதிலையும் சேர்த்தே சுரண்டியிருக்கும். அதன் மேல் ஆல்கஹால் ஊற்றினால் வறண்டு எரியும்.

கையில் பணம் குறைவென்றால் மருந்துக்கடையில் கிளிசரின் வாங்கிக்கொள்ளுங்கள். அதை அப்படியே பூசக் கூடாது. பிசுபிசுக்கும், சிலருக்கு எரியும். உள்ளங்கையில் ஒரு துளி கிளிசரினுக்கு ஐந்தாறு துளி தண்ணீர் விட்டுக் கலந்து ஈர முகத்தில் ஒற்றுங்கள். பாட்டிலில் கலந்து வைக்க வேண்டாம். கெடாமல் காக்கும் பொருள் இல்லாததால் நம்மூர்ச் சூட்டில் சில நாளிலேயே கிருமி வளரும்.

சரிவராவிட்டால்

பூசியது அழுக்குத் திரள் மாதிரி உருண்டு வந்தால், அளவு கூடிவிட்டது, அல்லது கீழ்ப்பூச்சு காயும் முன் மேலே சன்ஸ்கிரீன் போட்டுத் தேய்த்துவிட்டீர்கள். அளவைக் குறைத்து, ஐந்து நிமிஷம் விட்டு, தேய்க்காமல் ஒற்றுங்கள். அப்போதும் உருண்டால் இரண்டில் ஒன்றை மாற்றத்தான் வேண்டும்.

பூசியதும் சுருக்கென்று ஒரு நிமிஷம் எரிந்து அடங்கினால் தோலின் மேலடுக்கு ஏற்கெனவே புண்பட்டிருக்கிறது. ஸ்கிரப், ஆசிட் சீரம், எலுமிச்சைச் சாறு எல்லாவற்றையும் நிறுத்தி, இரண்டு வாரம் வெறும் தண்ணீர், மணமில்லாத லோஷன் மட்டும் போட்டுப் பாருங்கள். எரிச்சல் அடங்காமல் சிவந்து தடித்தால் ஒத்துக்கொள்ளவில்லை, கழுவிவிட்டு விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் புதிதாக அடைத்த சின்னப் பருக்கள் கிளம்பினாலும் அந்த க்ரீம் உங்களுக்கில்லை. மாய்ஸ்சரைசரில் 'உள்ளிருப்பது வெளியே வருகிறது' என்று விற்கிறவர் சொல்வதை நம்பி மேலும் பூசாதீர்கள்.

வாயகன்ற டப்பாவில் விரலை விட்டு எடுக்காமல் சுத்தமான சின்னக் கரண்டியால் எடுங்கள். வாங்கும்போதே டியூபோ பம்ப்போ கிடைத்தால் நல்லது. திறந்த டப்பா படத்துக்குள் '12எம்' என்றிருந்தால் திறந்ததிலிருந்து 12 மாதம். பைக் பெட்டியிலும் ஜன்னலோரத்திலும் வைத்தால் அதற்கு முன்பே தண்ணீர் தனியாகப் பிரியும், மணம் மாறும். பிரிந்ததைக் குலுக்கிப் பூச வேண்டாம், போட்டுவிடுங்கள்.

நீர் வடியும் புண், முகம் வீங்குவது, ஒரு மாதமாகப் போகாத சிவப்பு, மூக்கோரம் எண்ணெய்ப் பொடுகோடு செதில், கறுப்புப் படலம் பரவுவது இவற்றுக்கு எந்த மாய்ஸ்சரைசரும் மருந்தில்லை. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கோ அருகிலுள்ள தோல் மருத்துவரிடமோ போங்கள். போகும்போது அதுவரை பூசிய எல்லா டியூபையும் டப்பாவையும், பெயரில்லாததையும்கூட, ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள்.